அடுத்த சனிக்கிழமை

“ஒரு எண்ணெய்க் குளிப்பு! அதுக்குப் போயி எங்கப்பா என்கிட்ட போன்ல அழுவுறாரு. இவல்லாம் ஒரு மருமகளா?”

கடுகண்ணாவையில் பஸ் ஏறியதிலிருந்து தவமணி இதையே புருசனிடம் போனில் சொல்லிக்கொண்டு வந்தாள். கண்டியில் இறங்கி ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் மாறி ஏறிய பிறகும் பேச்சு ஓயவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் பஸ்ஸுக்கே தெரியும். மடியில் இருந்த பையில் ஒரு போத்தல் நல்லெண்ணெய், சீயக்காய்த் தூள், இரண்டு செவ்விளநீர். எல்லாம் அப்பா கேட்டவை.

அப்பா இருளப்பன் இரண்டு காலும் விளங்காமல் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் படுத்துக் கிடக்கிறார். மகன் ஜெயராஜுக்குக் கொழும்பில் வேலை. பார்த்துக்கொள்வது அவன் மனைவி சிந்துஜா. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டச் சொல்லி அவர் சனிக்கிழமை தவறாமல் கேட்கிறார். அவளும் சனிக்கிழமை தவறாமல் ஒரு சாக்குச் சொல்கிறாள். ஒரு வாரம் எண்ணெய் தீர்ந்துவிட்டது. ஒரு வாரம் பனி. ஒரு வாரம் தண்ணீர் வரவில்லை. மழை ஓயாத ஹுன்னஸ்கிரியவில் தண்ணீர் வரவில்லையாம்!

லயத்து வாசலிலேயே பக்கத்து வீட்டு வேலாயி பிடித்துக்கொண்டாள்.

“வந்துட்டியா தவமணி? சனிக்கெழமையானா ஒங்கப்பா போடுற சத்தத்துல எங்களுக்குச் சோறு எறங்கல. ஒரு சொட்டு எண்ணெய்க்கு அந்த மனுசன் படுற பாடு! கேட்டா, ‘ஒங்க வேலையப் பாருங்க’ன்னு மொறைக்கிறா ஒங்க வீட்டு மருமக.”

“இன்னைக்கு நா கேக்குறேன் பாருங்க.”

குசினியில் சிந்துஜா கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். “வாங்க அண்ணி” என்றாள். தவமணி காதில் வாங்காமல் நேரே கட்டிலுக்குப் போனாள்.

போத்தலைப் பார்த்ததும் இருளப்பனின் முகம் மலர்ந்துவிட்டது.

“எளநி?”

“ரெண்டு கொண்டாந்திருக்கேன்ப்பா.”

அவர் மகளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நீதாண்டி எம் மக. ஜெயராஜுக்கு ஒரு போனப் போடு. அவன் கொரலக் கேட்டுட்டுக் குளிக்கிறேன்.”

ஒரு குளிப்புக்கு இவ்வளவு சந்தோஷமா! தவமணிக்கு அப்பாமேல் இரக்கம் பொங்கியது. அடுத்த நிமிடமே அதுவும் கோபமாக மாறியது.

“சிந்துஜா! தண்ணி கொதிக்க வை!”

“கொதிக்க வேணாம். பச்சத் தண்ணியே போதும்” என்றார் இருளப்பன்.

சிந்துஜா வந்தாள். போத்தலையும் இளநீரையும் தூக்கிக்கொண்டு பின்பக்கம் தண்ணீர்ப் பீலிக்கு நடந்தாள். தவமணி பின்னாலேயே ஓடினாள்.

“ஒரு நாள் குளிப்பாட்டினா ஒன் கை தேஞ்சுருமா? நீயும் ஒரு தகப்பனுக்குப் பொறந்தவதானே? எங்கப்பாவ ஏன் இப்படிக் கெஞ்ச வைக்கிற?”

சிந்துஜா பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

“அது குளிப்பு இல்ல அண்ணி! அவரு சாகுறதுக்குக் கேக்குறாரு!”

“என்ன சொல்ற நீ?” என்றாள் தவமணி.

“மாமா எட்டு வயசுல இந்தியாவுக்குப் போயிருந்தப்ப, படுக்கையில கெடந்த அவரு தாத்தாவுக்கு ஒடம்பெல்லாம் எண்ணெ வச்சு, பச்சத் தண்ணி ஊத்தி, எளநி மேல எளநியாக் குடுத்தாங்களாம். குளிர்ல சன்னி கண்டு செத்துப் போயிட்டாராம். யாருக்கும் பாரமில்லாம அனுப்பி வைக்கிற வழியாம் அது. என்னையும் அப்படி அனுப்பிருன்னு சொல்லி வாயக் கட்டிக்கிட்டாரு. கஞ்சித்தண்ணிகூட குடிக்கல. வெறும் வயித்தோட அனுப்புனா எனக்குத்தான் பாவம், சனிக்கெழம செய்றேன் மாமா, அதுவரைக்கும் சாப்புடுங்கன்னு சொன்னேன். சாப்பிட்டாரு. அன்னையிலருந்து பொய் சொல்லிச் சொல்லியே ஓட்டுறேன். யாருகிட்ட சொல்ல? யாராவது எரக்கப்பட்டுச் செஞ்சு தொலைச்சுட்டா?”

“அவ்வளவு நோவா அப்பாவுக்கு?”

“நோவுக்கு டொக்டர் குடுத்த மருந்து கேக்குது. பொங்கலுக்கு வந்தப்ப நீங்க என்ன சொன்னீங்க அண்ணி? ‘இப்படிக் கெடந்து எல்லாரையும் படுத்துறதுக்குப் போய்ச் சேந்துட்டாத் தேவல’ன்னு குசினியில நின்னு சொன்னீங்களே. அவருக்குக் காலுதான் வெளங்கல. காது நல்லாக் கேக்கும். மறுநாள்தான் வாயக் கட்டுனாரு.”

பீலித் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. தவமணி இரண்டு கையாலும் ஏந்தி முகத்தைக் கழுவினாள். அழுதது தெரியக்கூடாது. பிறகு போத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“என்னடி, இன்னும் தண்ணி புடிக்கலியா?” என்று இருளப்பன் அதட்டினார்.

தவமணி போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“சிக்கு நாத்தம் அடிக்குதுப்பா. கடைக்காரன் பழைய எண்ணெயத் தலையில கட்டிட்டான். அடுத்த சனிக்கெழம நல்லதா வாங்கியாறேன்.”

“அட போங்கடி! ஒரு போத்தல் எண்ணெய்க்கு நாட்டுல இவ்வளவு பஞ்சமா?”

“அதுவரைக்கும் ஒழுங்காச் சாப்புடணும்.”

வாசலில் நின்று அப்பாவும் மகளும் பேசியதை கேட்டுக்கொண்டிருந்த வேலாயி, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்:

“மருமகளத்தான் கொறை சொன்னோம். பெத்த மகளும் அதே லட்சணந்தான்!”

தவமணி சிந்துஜா குசினியிலிருந்து கொண்டுவந்த கஞ்சிக் கோப்பையை வாங்கி, அப்பாவுக்கு ஊதி ஊதி ஊட்டத் தொடங்கினாள்.