சோமசேகரத்தின் நிறத் தண்ணீர்

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். பிள்ளையார் கோயிலில் நாளுக்கொருவர் செலவேற்கும் திருவிழா; அன்று சோமசேகரத்தின் முறை. மறுநாள் திருவிழாக்காரரான மார்க்கண்டரை இம்முறை மிஞ்சியே தீருவது என்றிருந்தார் அவர்.

இறைப்பு மெசின் தண்ணீரை வானுக்குப் பீச்சியது. திரைக்குப் பின்னால் அவரது மச்சான் சைக்கிள் மிதிக்க, டைனமோ விளக்குகள் அதற்கு நிறம் பூசின.

திடீரென்று வெளிச்சம் மங்கியது. முன்வரிசையில் இருந்த மார்க்கண்டர் எழுந்து போனார்.

"பாத்தியளே, சிரிக்க இடம் தேடிப் போறார்," என்றாள் சோமசேகரத்தின் மனைவி பத்மாவதி.

சற்று நேரத்தில் விளக்குகள் முன்னையிலும் பிரகாசமாக எரிந்தன. சனம் கைதட்டியது. மச்சானைப் பாராட்டச் சோமசேகரம் திரைக்குப் பின்னால் ஓடினார்.

மச்சான் தசை பிடித்த தன் காலைத் தேய்த்தபடி நிலத்தில் இருந்தான். சைக்கிளில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மார்க்கண்டர்.

"அண்ணை, நீங்களோ?"

"பிள்ளையாரை இருட்டிலை விடேலுமோ?" மார்க்கண்டருக்கு மூச்சு வாங்கியது. "நாளைக்கு எனக்கும் உந்த விளக்குத்தான். நீர் வந்து மிதியும்."