மெல்ல வந்த எழுத்துகள்

ஒரு தியேட்டரில் நாற்காலிகளுக்கு அடியில் ஓர் எலி குடியிருந்தது. திரைக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த பல்லி அதற்குத் தோழி. இரண்டுக்கும் படிக்கத் தெரியாது. ஆனாலும் படத்தின் பெயர் வருகிற தினுசைப் பார்த்தே எலிக்கு அன்று சாப்பாடு உண்டா என்று பல்லி சொல்லிவிடும். எழுத்துகள் தீப்பிடித்துப் பாய்ந்து வந்தால் ஜனங்கள் துள்ளுவார்கள், பாப்கார்ன் கொட்டும்.

அன்று கறுப்புத் திரையில் மெலிந்த வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. மேளச் சத்தம் இல்லை. எங்கோ மழை பெய்வது மட்டும் கேட்டது.

"இன்னைக்குப் பட்டினிதான். இந்த எழுத்துக்கு யாரு துள்ளப்போறா? பக்கத்து அரங்குக்குப் போயிடு," என்றது பல்லி.

எலி வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தது. பெயர்கள் அவசரமில்லாமல் தோன்றி மறைந்தன. ஜனங்கள் கொறிக்கிற சத்தம்கூட அடங்கிவிட்டிருந்தது. ஏனென்று தெரியாமலே எலி பசியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

படம் முடிந்து ஜனங்கள் எழுந்து போனார்கள். சாப்பிட மறந்த பொட்டலங்கள் நாற்காலிகளுக்கு அடியில் நிறைய நிறையக் கிடந்தன.

பல்லி இறங்கி வந்தது. "நான் சொன்னது தப்பாப்போச்சு. போய் வயிறாரச் சாப்பிடு."

"கொஞ்சம் இரு," என்றது எலி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் பேரு போயிக்கிட்டிருக்கு."