வழி சொன்னது யார்?

தணிகாசலத்தின் புதுக் காரில் வழிகாட்டும் திரைக்குத்தான் ராஜ மரியாதை. "ஏசி காரில் உனக்கென்ன வேலை? மூடிக்கிட்டுக் கிட!" என்று அது ஜன்னல் கண்ணாடியை நாள்தோறும் விரட்டும்.

மலையடிவாரத்தில் டவர் கிடைக்காமல் திரை திருதிருவென விழித்தது. தணிகாசலம் கண்ணாடியை இறக்கி, டீக்கடைக்காரரிடம் கேட்டார்:

"அண்ணே, அணைக்கு எப்படிப் போகணும்?"

"அந்தப் புளியமரத்துக்கிட்ட இடப்பக்கம் திரும்புங்க."

திரும்பியதும் டவர் வந்தது. "நீங்கள் சரியான பாதையில் செல்கிறீர்கள்" என்றது திரை, கொஞ்சமும் கூசாமல்.

"டெக்னாலஜின்னா இதுதான்!" என்று தணிகாசலம் அதைத் தட்டிக்கொடுத்தார்.

கண்ணாடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவி! இறங்கி வழி கேட்டது நான், பேரு மட்டும் உனக்கா?" என்று கத்த ஆரம்பித்தது.

"ஒரே சத்தம்" என்று முகம்சுளித்த தணிகாசலம், பாதிப் பேச்சிலேயே அதை ஏற்றி மூடினார்.