தொப்பிக்காரன்

திரையில் ஒரு குதிரை கட்டிலில் படுத்திருந்தது. கழுத்துவரை போர்வை.

பக்கத்தில் நின்ற சுவாமிதாஸ் உபதேசியார் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

வருஷத்துக்கு ஒருமுறை மிஷன் வண்டியில் வரும் ஊமைப்படம் இயேசுநாதரைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஜன்னல்களைப் பாயால் மறைத்து, பட்டப்பகலில் ஆலயத்தை இருட்டாக்கி, வேட்டித் துணியில் படம் ஓட ஓட உபதேசியார் விளக்கம் சொல்வார். இதோ கழுதை. இதோ யூதாஸ், இவனை நம்பாதீர்கள். பாறசாலை வட்டாரத்தில் படத்தைவிட விளக்கத்துக்காக வருகிறவர்கள் அதிகம். அப்படித்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

இந்தப் படத்தில் கழுதையும் இல்லை, யூதாசும் இல்லை.

“சீமையிலயே பெட்டி மாறிப்போச்சுண்ணு தோணுது,” என்றான் படமிஷினை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் விஜயதாஸ். “நிப்பாட்டவா உபதேசியாரே?”

மிஷன் துரையிடம் கேட்கலாமென்றால், அவர் ஓய்வெடுக்க மலைக்குப் போயிருந்தார்.

“ஓடட்டும் மக்கா. வெளக்கம் நம்ம கையிலாக்கும்.”

கடைசி காலத்தில் மிருகங்கள் சுகமாகத் தூங்கும், மனுஷனுக்குத்தான் உறக்கம் இருக்காது என்று குதிரைக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். சுவரிலிருந்து ஒரு கை முளைத்து விளக்கை அணைத்தது. அது தேவதூதனின் கை என்றார், சற்றே குரலைத் தாழ்த்தி.

தமிழ் பேசும் ஊர்களைப் பிரித்துத் தரச் சொல்லி எல்லைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். கூட்டம் கூடக்கூடாது, ஜெபத்துக்கு மட்டும் கூடலாம் என்று உத்தரவு. நடப்பது ஜெபம்தானா என்று பார்க்க வாசலில் ஒரு போலீஸ்காரரை உட்காரவைத்திருந்தார்கள். சுவரில் கை முளைத்ததும் அவர் எழுந்து உள்ளே வந்து, ஜனங்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உபதேசியார் தளரவில்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்வதில் ஆகஸ்டிலிருந்தே அவருக்கு நல்ல பழக்கம்.

ஆகஸ்டில் மார்த்தாண்டத்துப் போராட்ட ஊர்வலத்தில் போலீஸ் சுட, வெடிச்சத்தம் கேட்டு ஓடியவர்களில் அவர் மகன் ராபின்சன் மட்டும் திரும்பி வரவில்லை. அங்கேயே ஒரு கல்லறைத்தோட்டத்தில் அவனை அடக்கம் செய்துவிட்டு, வேறு சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி கிருபாபாய் நெஞ்சுவலிக்காரி. ஓர் அதிர்ச்சி போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“போலீசு தேடுது. பய மதுரைக்குப் போயிட்டான். அச்சாபீசில வேலை,” என்றார்.

அவர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டதால் தெரிந்த நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு வாரம் ஒரு சேதி. ராபின்சனுக்கு இட்லி ஒத்துக்கொள்ளவில்லை. ராபின்சனுக்குச் சளி. ராபின்சன் கொஞ்சம் தடித்திருக்கிறான். கிருபாபாய் எல்லாவற்றையும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள். சளியை அவர் அடியோடு மறந்துபோன வாரத்தில், “சளி மாறிச்சா?” என்று எடுத்துக்கொடுத்ததுகூட அவள்தான்.

தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைக்காகத் தனியாக ஒரு ஜெபம் செய்துகொண்டார்.

திரையில் இப்போது ஒரு சாப்பாட்டு மேசை.

மேசைக்கு இந்தப் பக்கம் ஓர் அம்மாள். அந்தப் பக்கம் தொப்பி வைத்த ஒருவன், கையை ஆட்டி ஆட்டி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். சத்தம் கிடையாது. வாய் மட்டும் அசைந்தது.

கதவு திறந்தது. நனைந்த சட்டையோடு ஒரு பையன் வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தான்.

அவனுக்கு முகம் இல்லை. கண், மூக்கு, வாய் ஒன்றும் இல்லாமல், உரித்த முட்டை மாதிரி வழவழவென்றிருந்தது.

ஆண்கள் பக்கத்தில் யாரோ கர்த்தரைக் கூப்பிட்டார்கள். போலீஸ்காரராகவும் இருக்கலாம்.

தொப்பிக்காரன் பையனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பேசிக்கொண்டே போனான். அம்மாள் அதற்குத் தலையாட்டிக்கொண்டே, பையனின் பக்கமாக ரொட்டித் தட்டை மெல்ல நகர்த்தினாள்.

ஆலயம் முழுவதும் விளக்கத்துக்குக் காத்திருந்தது.

உபதேசியார் வாயைத் திறந்தார். கடைசி காலம் வரவில்லை. தேவதூதனும் வரவில்லை. மிஷின் ஓடும் சத்தம் மட்டும் வந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து, தெரிந்த நாலு பேரில் ஒருத்தியான தங்கபாயின் குரல் கேட்டது. “அந்தப் பயலுக்கு மூஞ்சியில்லியே. அவனுக்க அம்மைக்கு ஆளு மனசிலாச்சா?”

கேட்ட பிறகுதான் பக்கத்தில் இருப்பது யாரென்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்ட மாதிரி சட்டென்று நிறுத்தினாள்.

பதில் அங்கிருந்தே வந்தது. கிருபாபாயின் குரல். பக்கத்து வீட்டுச் சங்கதியைச் சொல்வதுபோல, பதற்றமில்லாமல்.

“மனசிலாவாம இருக்குமா தங்கம். பயல் போயாச்சுண்ணு அவளுக்கு மொதல்லயே தெரியும். அந்தத் தொப்பிக்காரன்தான் பாவம், இவ்வளவு பாடுபட்டுப் பேசுறான். அவன் மனசு நோவாண்டாமுண்ணு கேட்டுட்டு இருக்கா.”

அன்றைக்குச் சொன்ன விளக்கங்களில் படத்துக்குப் பொருந்தியது அது ஒன்றுதான்.

உபதேசியார் திரையை விட்டு நடந்தார். மிஷினின் வெளிச்சத்துக்குக் குறுக்கே அவர் போனபோது வேட்டித் துணியை நிறைத்துக்கொண்டு ஒரு நிழல் கடந்தது. அதையும் படமென்று நினைத்து முன்வரிசை பின்னால் சாய்ந்தது.

அந்தச் சபையில் பெண்கள் பக்கத்தில் ஆண்கள் உட்காரும் வழக்கம் இல்லை.

கிருபாபாய் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.