நாத்தனார் முடிச்சு

தென்காசியில் பழைய கல்யாண கேசட்டுகளைச் சீராக்கித் தரும் கடை தில்லைநாயகத்துடையது. காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஆளுக்கு இரண்டு உருவமாகத் தெரியும் கேசட்டுகள்தான் அதிகம் வரும். எது ஆள், எது வெறும் நிழல் என்று இயந்திரம் பிரித்துவிடும்.

அங்கே சீராக்கிய தன் அண்ணன் கல்யாண வீடியோவைப் போனில் ஓடவிட்டு, உலகம்மாள் அவர் முன் நீட்டினாள்.

"அண்ணாச்சி, எங்கண்ணன் ஒரு முடிச்சுதான் போட்டான். நாத்தனார் முடிச்சு ரெண்டும் நான் போட்டேன். இதுல மூணையும் அவனே போடுதான். என்னைய எங்க?"

தில்லைநாயகத்துக்கு இயந்திரத்தின்மேல் எப்போதுமே சந்தேகம். போன மாதம் ஒரு மாப்பிள்ளைத் தோழனையே விழுங்கியிருந்தது. மூல கேசட்டை ஓட்டினார். மணப்பெண்ணின் பின்கழுத்தில், மங்கலாக, வளையல் போட்ட இரண்டு கைகள்.

"நான் வேற சாதியில கட்டுனதுலேருந்து அவன் எங்கிட்ட பேசுறதில்ல. திடீர்னு இத அனுப்பியிருந்தான். மனசு மாறிட்டாம்னுல்லா நெனச்சேன்!"

அவர் வேலைப் பதிவைத் திறந்தார். அந்தக் கைகளை வட்டமிட்டு, கேசட் கொடுத்த அண்ணனிடம் இயந்திரம் கேட்டிருந்தது: 'இது ஆளா, நிழலா?'

கீழே பதில் இருந்தது: 'நிழல்.'

தில்லைநாயகம் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

"மிஷின் கோளாறுதாம்மா," என்றார்.