ஏழாம் காம்பராக் கூரை

“சம்பளம் ஒன்றரை லட்சம். சேவிஸ் சார்ஜ் தனி. அஞ்சு வருஷம் தாக்குப் பிடிச்சா மெனேஜர். அப்புறம் கட்டார், துபாய்...”

நுவரெலியாவின் அந்தப் பெரிய ஹோட்டலில் கணேசமூர்த்திதான் பெசிலிட்டி மெனேஜர். குழாய், கரண்ட், கக்கூஸ், கூரை, எல்லாம் அவர் பொறுப்பு. உதவியாளர் வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதை ஒப்பிப்பார். கேட்கிறவர் வாய் பிளக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதிரே உட்கார்ந்திருந்த சுலக்ஷனா வாய் பிளக்கவில்லை. டிப்ளோமா முடித்தவள். இந்த வேலையை நம்பித்தான் விடியற்காலையில் பஸ் ஏறி வந்திருந்தாள். மூர்த்திக்குப் பக்கத்தில் ஜெனரல் மெனேஜர் ஞானரட்ணம்.

“எங்க இருந்து வர்றீங்க?” என்றார் மூர்த்தி.

“பூண்டுலோயாப் பக்கம் சேர். தோட்டம்.”

“லயமா?”

“லயந்தான் சேர்.”

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு என்றதும் மூர்த்தி மூக்கைச் சுளித்தார். ஹோட்டலில் எல்லோருக்கும் அவர் கண்டி டவுன்காரர்.

“இது நட்சத்திர ஹோட்டல்மா. ஒரு குழாய்க்குப் பன்னிரண்டு குடும்பம் வரிசையில நிக்கிற இடம் இல்ல.”

“தெரியும் சேர். அந்த வரிசையில சண்டை வராமப் பாத்துக்கிறதே நாந்தான்.”

ஞானரட்ணம் சிரித்துவிட்டார். மூர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சரி. அடை மழை. கூரை ஒழுகுது. கையில சல்லி இல்ல. என்ன செய்வீங்க?”

“போன மாசம் செஞ்சேன் சேர். எங்க லயத்துல, ஏழாம் காம்பராவுல, அந்த ஒத்தை அறையில ஒரு அம்மா தனியா இருக்காங்க. காத்துல கூரைத் தகரம் பறந்துருச்சு. தோட்டத்து ஆபீஸ்ல சொன்னா, ‘மகன்கிட்ட கேளு’ன்னாங்க. மகன் போன் எடுக்கல. கொழுந்து எடுக்குறவங்க மழைக்கு இடுப்புல கட்டுற படங்குச் சீலை ஆறு வாங்கி, ஒண்ணாத் தைச்சு, மேல ஏறி இழுத்துக் கட்டிட்டேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல.”

“மகன் என்ன செய்யிறாராம்?” என்று கேட்டார் ஞானரட்ணம்.

“பெரிய வேலை சேர். நேரம் கிடைக்கிறதில்ல போல.”

மூர்த்திக்குத் தர்ம ஆவேசம் வந்துவிட்டது. மேலதிகாரி பக்கத்தில் இருக்கும்போது வருகிற ஆவேசத்துக்குச் சத்தம் கொஞ்சம் அதிகம்.

“பெத்தவ நனையிறதைப் பாக்காதவன் எல்லாம் ஒரு மனுசனா? அவனை நிக்க வெச்சு நாலு பேர் முன்னால கேக்கணும் சேர்!”

ஞானரட்ணத்துக்கு போன் வந்தது. “எனக்குப் பிடிச்சிருக்கு மூர்த்தி. ஆனா உங்களுக்குக் கீழ வேலை செய்யப் போறவங்க. நீங்களே முடிவு பண்ணுங்க” என்று எழுந்து போனார்.

மூர்த்தி சாவகாசமாக விண்ணப்பத்தில் எழுதினார்: ‘ஹோட்டல் தராதரத்துக்குப் பொருத்தமில்லை.’

“முடிவை லெட்டர்ல அனுப்புவோம்.”

“லெட்டர் தோட்டத்து ஆபீஸ்லயே கெடந்துரும் சேர். நேராவே சொல்லிருங்க.”

“உனக்கு இது சரிவராதும்மா.”

சுலக்ஷனாவின் கண் கலங்கிவிட்டது. பைலை எடுத்துக்கொண்டு கதவு வரை போனாள். வெளியே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“ஏழாம் காம்பரா பேச்சியம்மா உங்களை விசாரிச்சதாச் சொல்லச் சொன்னாங்கண்ணே. ‘நாலு பேர் முன்னால அவனைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, புள்ளைக்குக் கவுரவக் கொறைச்சலாயிரும்’னு சொல்லித்தான் அனுப்புனாங்க, உங்க அம்மா.”