ஐந்தரை மணி பஸ்

திண்டுக்கல் வெயில் சாய்ந்து, கோல் கம்பத்தின் நிழல் மைதானத்துக்குள் நீண்டுகிடக்கிறது. பாண்டிச்செல்வியின் இடதுகாலோடு ஒட்டிக்கொண்டே வருகிறது பந்து. எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். கல்லூரி வாசலில் சிறுமலை பஸ் ஹாரன் அடிக்கிறது. பந்தை அப்படியே விட்டுவிட்டு, கோட்டோரம் கிடக்கும் பையை அள்ளிக்கொண்டு ஓடுகிறாள். இதை விட்டால் மலைக்கு வேறு பஸ் இல்லை. பதினெட்டு வருடமாகப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சூர்யகலா இப்படியொரு இடதுகாலைக் கண்டதில்லை. அது ஓர் ஆட்டத்தை முழுசாக ஆடியும் கண்டதில்லை. “நாளைக்கு வாரேன் மேடம்!” பழக்கதோஷத்தில் கத்திக்கொண்டே பஸ்ஸில் ஏறுகிறாள் பாண்டிச்செல்வி. கல்லூரியில் அவளுடைய மூன்றாம் வருடத்தின் கடைசி நாள் இது. பந்தை எடுக்கக் குனியும் கோல்கீப்பரைச் சூர்யகலா தடுக்கிறாள். “செத்த நேரம் அங்கனயே கெடக்கட்டும்டி.”